உப்பைத் துப்பும் இலைகள் - ஒரு வரலாறு

முன்னுரை

விருதுநகரில் இருந்து சாத்தூர் செல்லும் வழியில் இருக்கிறது சூலக்கரை. கரிசல் மண்ணும் சீமைக் கருவேலமும் நிறைந்த பூமி. பல கிணறுகளில் நீர் உவர்ப்பாகத்தான் ஊறும். விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் உப்போடு இந்த ஊர்களுக்கு உள்ள உறவு பெரியது. சமையல் உப்பைத் தவிர, சிவகாசிப் பட்டாசுக்கு உயிரான வெடியுப்பும் இங்கே அன்றாடப் பேச்சில் புழங்குகிற சொல்தான்.

இன்னொரு உறவும் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் வேதாரண்யம் நோக்கி நடந்தார்கள். ஏப்ரல் 30 அன்று அங்கே உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினார்கள். அந்தப் போராட்டத்துக்காகச் சிறை சென்றவர்களில் ஒருவர் விருதுநகர் காமராஜர். இரண்டு ஆண்டு தண்டனை பெற்று அலிப்பூர் சிறையில் அடைக்கப்பட்ட அவர், காந்தி - இர்வின் ஒப்பந்தத்தை ஒட்டி 1931இல் விடுதலையானார்.

மனிதர்கள் உப்புக்காகச் சிறை சென்ற அதே வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், முத்துப்பேட்டைக் கழிமுகத்தில், ஒரு மரம் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்துகொண்டிருந்தது. வேண்டாத உப்பை அது இலை வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது! வெண்கண்டல் என்பது அதன் பெயர். இந்த மரத்தையும் இதன் உப்புச் சுரப்பிகளையும் மனிதன் எப்படி அறிந்துகொண்டான், அறிந்த பிறகும் எப்படி அழித்தான், பின் எப்படி மீட்டான் என்பதே இக்கட்டுரை.

உப்பு ஏன் எதிரி?

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நெல் வயலில் கடல்நீர் புகுந்தால் பயிர் கருகிவிடும். காரணம் இரண்டு.

முதலாவது, தாகம். வேரைச் சுற்றி நீர் நிறைய இருக்கும். ஆனால் அந்த நீரில் உப்பு மிகுந்திருப்பதால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. ஊறுகாய் போடும்போது மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவினால் துண்டிலிருந்து நீர் வெளியே வருகிறது அல்லவா? வேருக்கும் அதே கதிதான்.

இரண்டாவது, நஞ்சு. எப்படியோ உள்ளே வந்துவிட்ட சோடியமும் குளோரைடும் இலையில் சேர்ந்துகொண்டே போகும். இலையிலிருந்து நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாளடைவில் செல்லின் உள்ளே நடக்க வேண்டிய வேலைகள் ஒவ்வொன்றாக நின்று, இலை செத்துவிடும்.

உவர்நிலத் தாவரங்கள் இதை மூன்று வழிகளில் சமாளிக்கின்றன. சுரபுன்னை போன்ற மரங்கள் உப்பை வேரிலேயே பெருமளவு தடுத்துவிடும். உமரி போன்ற செடிகள் உப்பை உள்ளே விட்டு, இலையில் நிறைய நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்துவிடும். அதனால்தான் உமரி இலை பருத்துச் சதைப்பிடிப்பாக இருக்கிறது. வெண்கண்டல் வேரிலும் தடுக்கும், மீறி வந்ததை இலையிலும் வெளியேற்றும். அந்த வெளியேற்றும் உறுப்புக்குத்தான் உப்புச் சுரப்பி என்று பெயர்.

கிரேக்கம் முதல் ஏமன் வரை

கடல்நீரில் நிற்கும் மரங்களைப் பார்த்து வியந்தவர்கள் பழங்காலத்திலேயே இருந்தார்கள். நம் சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைப் பாடல்களில் கண்டல் மரம் வருகிறது. கிரேக்கத்தில், அலெக்சாந்தரின் படையோடு கிழக்கே வந்தவர்கள் பாரசீக வளைகுடாவில் கண்ட கடல் மரங்களைப் பற்றிக் குறிப்புகள் கொண்டுபோனார்கள். அவற்றைக் கொண்டு தியோபிராஸ்டஸ் தம் தாவர நூலில் அம்மரங்களை வர்ணித்தார். இது கி.மு. நான்காம் நூற்றாண்டை ஒட்டிய செய்தி.

அறிவியல் பெயர் கிடைக்க இன்னும் இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் இந்த மரப் பேரினத்துக்கு 'அவிசென்னியா' என்று பெயரிட்டார். மருத்துவ மேதை இப்னு சீனாவின் லத்தீன் பெயர்தான் அவிசென்னா. பாரசீக மருத்துவரின் பெயர் பிச்சாவரத்துச் சேற்று மரத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்!

லின்னேயஸின் மாணவர் பீட்டர் போர்ஸ்கால், டென்மார்க் மன்னர் 1761இல் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் சென்றார். செங்கடல் பகுதியில் வெண்கண்டலைப் பார்த்து எழுதி வைத்தார். ஆனால் 1763இல் ஏமனில் மலேரியா கண்டு இறந்துபோனார். அந்தக் குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர் மட்டுமே. அவர்தான் நண்பரின் குறிப்புகளை 1775இல் அச்சிட்டார். இன்றைக்கு இம்மரத்தின் பெயர் 'அவிசென்னியா மெரினா'. அப்போது பிச்சாவரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியை ஆண்டதும் இதே டென்மார்க்தான் என்பது சுவையான பொருத்தம்.

சுண்ணாம்புப் புள்ளியில் தொடங்கிய தேடல்

உப்புச் சுரப்பியைப் பற்றிய ஆராய்ச்சி கடற்கரையில் தொடங்கவில்லை. அது தோட்டச் செடியில் தொடங்கியது. நீலப் பூவுக்காக வீடுகளில் வளர்க்கப்படும் சித்திரமூலத்தின் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரியும். சித்திரமூலக் குடும்பத்தின் இந்தச் சுரப்பிகளை ஜெர்மானியத் தாவரவியலாளர் மெட்டேனியஸ் 1856இல் விவரித்தார். அதே குடும்பத்தைச் சேர்ந்த 'லிமோனியம்' என்ற கடற்கரைச் செடி, அதே மாதிரிச் சுரப்பி வழியாகச் சமையல் உப்பையே வெளியேற்றுகிறது.

1880களில் ஜார்ஜ் வோல்கன்ஸ் எகிப்தியப் பாலைவனத்தில் சில செடிகளின் மேல் உப்புப் படிந்திருப்பதைப் பார்த்தார். இரவில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், அந்த ஈரத்தைச் செடி குடிக்கும் என்று அவர் சொன்னார். பின்னால் வந்தவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. சுரப்பி என்பது கழிவை வெளியேற்றும் வாய்க்கால் மட்டுமே என்ற எண்ணம் வலுத்தது.

அடுத்த பெரிய கேள்வி: உப்பு தானாகக் கசிகிறதா, செடி முயன்று வெளியேற்றுகிறதா? 1915இல் வில்ஹெல்ம் ரூலண்ட் லிமோனியத்தின் சுரப்பிகளை விரிவாக ஆராய்ந்தார். 1955இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஆரிஸ் என்பவரும் குழுவினரும் இலைத் துண்டுகளைக் கொண்டு சோதனை செய்தார்கள். செல்லின் சுவாசத்தைத் தடுக்கும் நஞ்சுகளைக் கொடுத்தால் உப்பு வெளியேறுவது தடைப்பட்டது. ஆகவே இது வெறும் கசிவு அல்ல, செடி தன் சக்தியைச் செலவழித்துச் செய்யும் வேலை என்பது உறுதியானது. உழைப்பு என்றால் அதற்குக் கூலி உண்டு. இந்தச் செய்தி பிச்சாவரத்துக்கு வரும்போது முக்கியமாகும்.

துப்பாக்கியால் கிளை பறித்த விஞ்ஞானி

1960களில் இந்த ஆய்வைக் கண்டல் மரங்களுக்குக் கொண்டுவந்தவர் பெர் ஸ்கொலாண்டர். ஸ்வீடனில் பிறந்து, நார்வேயில் படித்து, அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர். உயரமான மரங்களின் நுனிக் கிளை வேண்டும் என்பதற்காகத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி எடுத்தவர் அவர்!

பறித்த கிளையை ஒரு கனத்த உலோகக் கலத்தில் அடைத்து, வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றினார். எந்த அழுத்தத்தில் வெட்டுமுனையில் நீர் துளிர்க்கிறதோ, அந்த அளவு இழுவிசையோடு மரம் நீரை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். கடல்நீரில் நிற்கும் மரங்களில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல 30 மடங்குக்கும் மேல் இருந்தது. அவ்வளவு விசையோடு இழுப்பதால்தான் வேர் ஒரு வடிகட்டியாக வேலை செய்து, பெரும்பகுதி உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டு நீரை மட்டும் உள்ளே எடுக்கிறது.

1962இல் அவரும் குழுவினரும் வெளியிட்ட கட்டுரை ஒரு முக்கியமான கணக்கைச் சொன்னது. உப்புச் சுரப்பி உள்ள கண்டல் வகைகளின் தண்டுச் சாற்றில் 0.2 முதல் 0.5 சதவீதம் வரை உப்பு இருக்கிறது. சுரப்பி இல்லாத வகைகளில் இதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதாவது வெண்கண்டல் வாசலில் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, உள்ளே வந்ததைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுகிறது.

சுரப்பிக்குள் என்ன நடக்கிறது?

வெண்கண்டல் இலையின் சுரப்பி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சின்னக் காளான் போல இருக்கும். அதில் மூன்று பகுதிகள்.

1. அடியில் இரண்டு முதல் நான்கு சேகரிப்புச் செல்கள். இலையின் உட்பகுதியிலிருந்து உப்புநீர் இங்கே வந்து சேரும்.

2. நடுவில் ஒரே ஒரு தண்டுச் செல். இதன் பக்கச் சுவர் மெழுகு போன்ற பொருளால் பூசப்பட்டிருக்கும். அதனால் உப்பு சுவர் வழியாக நழுவ முடியாது, செல்லின் உள்ளே புகுந்துதான் போக வேண்டும். மேலே போன உப்பு சுவர் வழியாகத் திரும்பி இலைக்குள் இறங்கவும் முடியாது. ஒருவழிப் பாதை!

3. உச்சியில் குறைந்தது எட்டு சுரப்புச் செல்கள், வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றில் சக்தி உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நிறைய உண்டு. செல்லின் சவ்வில் உள்ள புரதங்கள் அந்தச் சக்தியைக் கொண்டு சோடியத்தையும் குளோரைடையும் வெளியே தள்ளுகின்றன. மேலே போர்வை போல மூடியிருக்கும் கியூட்டிக்கிள் படலத்தில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே உப்புநீர் துளிர்க்கும்.

வெயில் ஏறியதும் துளி காய்ந்து இலைமேல் உப்புப் படிகமாக மின்னும். காற்று உதிர்க்கும், மழை கழுவும். நாவில் வைத்தால் கரிக்கும். அந்தத் தழையை ஆடு மாடுகள் தின்னும். குஜராத்தின் கட்ச் பகுதியில் 'கராய்' என்ற ஒட்டக இனம் கடலில் நீந்திச் சென்றே இந்த இலையை மேய்கிறது.

எல்லாச் செடிகளிலும் சுரப்பி ஒரே மாதிரி இருப்பதில்லை. டாமரிக்ஸ் செடியில் எட்டு செல்கள், உவர்நிலப் புற்களில் இரண்டே செல்கள். சுந்தரவனச் சேற்றில் வளரும் ஒரு காட்டு நெல்லுக்கு இலையில் விரல் போன்ற நுண்மயிர்கள் உண்டு, அவை உப்பை வெளியே தள்ளுகின்றன. உறவே இல்லாத பல தாவரக் குடும்பங்களில் இந்த உறுப்பு தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நம் கரிசல் காட்டில் உவரைத் தாங்கி வளரும் சீமைக் கருவேலத்துக்கு இப்படிச் சுரப்பி கிடையாது. அது வேறு வழிகளில் சமாளிக்கிறது.

பிச்சாவரத்தில் தோற்ற மரம்

கடல்நீரையே குடிக்கும் மரம் உப்பால் சாகுமா? சாகும். அதற்குச் சாட்சி பிச்சாவரம்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, சுமார் 1,100 ஹெக்டேரில் பரந்திருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே 'கூப்பு' முறை வந்தது. காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டி விற்பது, பிறகு தானாக வளரும் என்று விட்டுவிடுவது, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டுவது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1970கள் வரை இம்முறை தொடர்ந்தது.

ஆனால் வெட்டிய இடத்தில் மரம் வளரவில்லை. ஏன்? நிழல் போனதும் களிமண் தரையில் நேரடியாக வெயில் விழுந்தது. மண்ணிலிருந்த நீர் ஆவியானது, தரை அமிழ்ந்து தட்டுப் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியே போக முடியாமல் தேங்கியது. தேங்கிய நீர் காய்ந்தது, உப்பு மட்டும் தங்கியது. அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே போய், மண்ணின் உப்பு கடல்நீரின் உப்பைவிட மிகுந்துவிட்டது. கிட்டத்தட்ட உப்பளம் உருவாகும் அதே முறைதான்!

சுரப்பி எவ்வளவு திறமையாக இருந்தாலும், உப்பை வெளியேற்றுவதற்கு மரம் சக்தியைக் கூலியாகக் கொடுத்தாக வேண்டும் என்று முன்பே பார்த்தோம். முளைத்து இரண்டு இலை விட்ட கன்று அவ்வளவு கூலிக்கு எங்கே போகும்? வளர்ந்த மரம் தாங்கும் உப்பைக்கூடக் கன்று தாங்குவதில்லை. விதைகள் மிதந்து வந்தன, ஒதுங்கின, செத்தன. முத்துப்பேட்டையிலும் இதே கதை.

இதில் வேதனையான பகுதி வேறு. காடு அழிந்ததற்குப் பழி சுற்றியிருந்த ஏழைகள் மேல் விழுந்தது. விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், அதனால்தான் காடு போயிற்று என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்தபோதுதான், முக்கியக் காரணம் கூப்பு வெட்டு என்பது தெளிவானது. கோடரியும் கயிறும் கொண்டு வந்த ஏழையைவிட, திட்டமிட்டு வெட்டிய நிர்வாகமே காட்டுக்குப் பெரிய தீங்கு செய்திருந்தது.

மீன்முள் வாய்க்கால்

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாக இருந்தது. குழிந்த தரையின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும். ஏற்றத்தில் கடல்நீர் வரும், வற்றத்தில் தேங்கிய உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். மண்ணின் உப்பு குறைந்ததும் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டல் கன்றுகள் நடப்பட்டன. ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து செய்த வேலை இது. வாய்க்கால் வெட்டியவர்களும், தூர் வாரியவர்களும், கன்றுகளைக் காத்தவர்களும் முன்பு பழி சுமந்த அதே கிராமத்தார்தான்.

பலன் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தில் கண்டல் காட்டின் பரப்பு சுமார் 90 சதவீதம் கூடியிருந்தது என்று 2003இல் கணக்கிட்டார்கள். 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசன், ராஜேந்திரன் ஆகியோரும் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து அதே கருத்தைச் சொன்னார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் உண்மைக் காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். மரங்கள் அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பது சரி, ஆனால் எல்லா அலையையும் தடுக்கும் சுவர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே இந்த விவாதத்தின் பாடம்.

கண்டலில் இருந்து நெல்லுக்கு

கடல் மட்டம் உயர்ந்தால் டெல்டா வயல்களில் உப்பு ஏறும். அதனால் கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லுக்குக் கொண்டுவர முடியுமா என்று எம்.எஸ். சுவாமிநாதன் சிந்தித்தார். அவரது நிறுவனத்தில் அஜய் பரிடாவும் குழுவினரும் வெண்கண்டலில் இருந்து உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்றைப் பாசுமதி நெல்லில் சேர்த்து, அந்த நெல் கூடுதல் உப்பைத் தாங்குவதை 2008இல் வெளியிட்டார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரபணுவை மாற்றலாம், ஆனால் சுரப்பி என்ற உறுப்பையே நெல்லுக்கு யாரும் இன்னும் வைத்துவிடவில்லை. அந்த ஆய்வுக்கூட நெல்லும் உழவர் வயலுக்கு வரவில்லை. பரிடா 2022இலும் சுவாமிநாதன் 2023இலும் மறைந்தார்கள். மறுபக்கம், கேரளத்துப் பொக்காளியும் நம் குழியடிச்சான், களர்ப்பாலை போன்ற பாரம்பரிய நெல்களும் சுரப்பி இல்லாமலே உவரைத் தாங்கி வளர்ந்திருக்கின்றன. விதையைக் காத்து வந்த உழவர்களும் ஒருவகையில் ஆராய்ச்சியாளர்களே.

முடிவுரை

வோல்கன்ஸ் சொல்லி, பலர் ஏற்காத கருத்து என்ன ஆயிற்று? 2023இல் அபுதாபியில் உள்ள ஆய்வாளர்கள் பாலைவன டாமரிக்ஸ் மரத்தைக் கவனித்தார்கள். பகலில் அது வெளியேற்றிய உப்புப் படிகங்கள் இரவில் காற்றின் ஈரத்தை இழுத்தன, அந்த நீரை இலை உறிஞ்சவும் செய்தது. 130 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கழிவு என்று நினைத்த உப்பு சில செடிகளுக்குக் குடம் என்று தெரிந்தது!

தியோபிராஸ்டஸ் முதல் இன்றுவரை நீண்ட இந்தக் கதையில் உவர்நிலத்துக்காரர்களுக்கு ஒரு செய்தி உண்டு. உப்பு வருவது மட்டும் ஆபத்து அல்ல, அது வெளியேற வழியில்லாமல் தேங்குவதே பெரிய ஆபத்து. வெண்கண்டல் இலைக்கு அந்த வழி சுரப்பி. பிச்சாவரத்துச் சேற்றுக்கு அந்த வழி வாய்க்கால். கரிசல் காட்டுக் கிணற்றுப் பாசனத்துக்கு அது நல்ல வடிகாலும், மழைநீரைத் தேக்கும் கண்மாயும். தூர் வாராத கண்மாயையும் மூடிப்போன ஓடையையும் வைத்துக்கொண்டு, எந்த விதை வந்தாலும் அது பாதி வேலையைத்தான் செய்யும்.